வாங்கியவருக்கு லாபம், கடைக்குக் கடன்!

வீடு வாங்க வங்கியில் கடன் எடுத்தால் மாதத் தவணையை நாம்தான் கட்ட வேண்டும். பிறரிடம் நிதி திரட்டிக் கம்பெனிகளை வாங்கி விற்கும் பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்கள் ஒரு கம்பெனியை வளைக்கும்போது இந்த நியாயம் பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது. விலைபோகும் கம்பெனியின் கணக்கிலேயே கடன் ஏறும். வட்டி கட்டுவதும் அதே கம்பெனிதான்.

அமெரிக்காவின் மிகப் பெரிய பொம்மைக் கடை நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுதான். 1948-ல் குழந்தைகளுக்கான கட்டில், தொட்டில் விற்கத் தொடங்கிய கடை அது. 2005-ல் இரண்டு முதலீட்டு நிறுவனங்களும் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனமும் சேர்ந்து அதைச் சுமார் 660 கோடி டாலருக்கு வாங்கின. அவர்கள் போட்ட கைக்காசு ஏறக்குறைய 130 கோடி. மீதியெல்லாம் கடன், அதுவும் கடையின் தலையில்.

வட்டிக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டாலர் போனது. கடையைப் புதுப்பிக்கவும், ஆன்லைன் விற்பனையைச் சீர்செய்யவும் கையில் காசில்லை. பொம்மை வியாபாரத்துக்கு உயிர்நாடியே கிறிஸ்துமஸ்தான். 2017 செப்டம்பரில், பண்டிகைக்குச் சரக்கு இறக்கும் நேரத்தில், கடன் சிக்கல் வெளியே கசிந்தது. ரொக்கம் வைத்தால்தான் சரக்கு என்றார்கள் தயாரிப்பாளர்கள். அதே மாதம் திவால் மனு. 2018 ஜூனில் அமெரிக்காவிலிருந்த கடைசிக் கடைகளுக்கும் பூட்டு.

ஆன்லைன் போட்டிதான் கடையை வீழ்த்தியது என்பாரும் உண்டு. நலிந்த கம்பெனிகளைத் தூக்கி நிறுத்துகிறோம் என்கிறார்கள் இத்துறையினர். அப்படி நடந்ததும் உண்டுதான். ஆனால் நிதியைக் கையாள ஆண்டுக்கு 2 சதவீதக் கட்டணம், லாபத்தில் 20 சதவீதம் என்பது இவர்களின் வழக்கமான கணக்கு. வாங்கிய கம்பெனியிடமே ஆலோசனைக் கட்டணம் கறப்பதும் நடக்கிறது. கம்பெனி தேறாவிட்டாலும் கட்டணம் வந்துவிடும்.

ஊழியர்களுக்கு என்ன வந்தது? வேலை இழந்த 30 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குப் பணிநீக்க இழப்பீடு கிடையாது என்றார்கள். பல ஆண்டுகள் கவுன்ட்டரில் நின்றவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். இந்த முதலீட்டு நிதிகளில் அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணமும் இருந்ததால், அந்த ஓய்வூதிய நிதி வாரியங்களின் கூட்டங்களிலும் போய் நியாயம் கேட்டார்கள். அதன் பிறகே, 2018 நவம்பரில், அந்த இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் 2 கோடி டாலர் ஒதுக்கின. தலைக்குப் பங்கிட்டால் 700 டாலர்கூடத் தேறாது. என்னை உறுத்துவது இதுதான்: கம்பெனி கைமாறும் பேரத்தில் உழைத்தவர்களின் நிலுவை பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இந்தியாவில் மருத்துவமனைகளும் பள்ளிகளும்கூட பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்களிடம் கைமாறி வருகின்றன. இங்கே சில தடுப்புகள் உண்டு. ஒரு பொது கம்பெனி தன் பங்குகளையே வாங்குவதற்கு நிதியுதவி செய்யக் கூடாது என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். கம்பெனி திவாலாகிக் கலைக்கப்பட்டாலும் தொழிலாளர்களின் பிஎஃப், கிராஜுவிட்டி நிதிகளைக் கடன்காரர்கள் தொட முடியாது என்கிறது 2016 திவால் சட்டம். ஆனால் கிராஜுவிட்டிக்கென்று தனி நிதியே ஒதுக்காத நிறுவனங்கள் எத்தனையோ.

உங்கள் கம்பெனி கைமாறப் போகிறதென்று கேள்விப்பட்டால், மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். வாங்கும் கடன் யார் பெயரில்? பிஎஃப் பணம் மாதாமாதம் கட்டப்படுகிறதா? கிராஜுவிட்டிக்குத் தனி நிதி இருக்கிறதா? கையெழுத்தாகும் முன்பே கேளுங்கள்.