எதிர்பாரா மனமாற்றமும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழ்த் திருச்சபைகள் வழிவழியாகப் பெற்ற கீர்த்தனை மரபில் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளைக்கு (1827–1900) நிலையான இடமுண்டு. எனினும், அவர் கிறித்தவராவார் என இளமையில் அவரை அறிந்தோர் எதிர்பார்த்திருத்தல் அரிது. நெல்லைக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்தவர் அவர். 1853இல் சாயர்புரம் மிஷன் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக அமர்ந்தபோதும் வைணவராகவே விளங்கினார். நெருங்கிய நண்பரின் மனமாற்றம் அவர் உள்ளத்தை அசைத்தது. 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார்.

இத்தகைய மாற்றத்திற்குக் கிறித்தவ இறையியல் கூறும் காரணம் 'கிருபை' என்பதாகும். தமஸ்கு வழியில் சவுலுக்கு நேர்ந்ததை அனைவரும் அறிவர். ஆயின் அந்நிகழ்ச்சியில் ஈண்டு நாம் நோக்கத்தக்கவர் அனனியாவே. சவுலிடம் செல்லுமாறு கட்டளை பெற்றும் அவர் தயங்கினார். திருச்சபையைத் துன்புறுத்தியவன் திருந்துவான் என நம்ப இயலாது நின்றவர் ஒரு விசுவாசி! ஆகவே இந்நம்பிக்கை, பிறரது தகுதியைக் கணித்து வைக்கப்படுவதன்று. ஆள் சேர்க்கும் கணக்குமன்று. இவ்வேறுபாட்டைச் சமயப் பணியாளர் சிலரே மறந்துவிடுவதுண்டு.

கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பனியனின் கதையைத் தழுவியது. நடையோ கம்பரைப் பின்பற்றியது. புதிய சமயத்திற்காகக் கம்பரைத் துறக்க அவருக்கு நேரவில்லை. மனமாற்றத்தைப் பண்பாட்டு முறிவாகவே கருதும் மாணவர் (இந்து மாணவர், கிறித்தவ மாணவர் ஆகிய இருசாராரிடத்தும் இக்கருத்து உண்டு) இக்காப்பியத்தைக் கம்பரின் விருத்தங்களோடு ஒப்பிட்டுப் பயிலுமாறு நம் பாடத்திட்டத்தில் இடமளித்தல் வேண்டும்.