மலையுச்சிக் கருவியும் தொனிவழிக் கட்டுப்பாடும்: நமுனுகுலவை முன்வைத்து ஒரு நோக்கு

கருவியொன்றை ஆராயப் புகும்போது அஃது எவ்வாறு இயங்குகின்றது என்பதோடு, அதனை இயக்கும் அதிகாரம் எவரிடத்தே உள்ளது என்பதையும் நாம் வினவுதல் வேண்டும். அமெச்சூர் வானொலியாளர் ரிப்பீட்டர் என வழங்கும் மறுபரப்பியும், அதனைத் தூரத்திலிருந்து ஆளும் தொனிக் கட்டுப்பாடும் இவ்விரு வினாக்களுக்கும் உரிய பொருள்களாகும்.

இவ்வானொலியாளர் உள்ளூர்த் தொடர்புக்குக் கையாளும் 145 மெகாஹேர்ட்ஸ் அளவிலான அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வன. பசறைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தருகே நின்று பேசுபவரின் கையடக்கக் கருவி, இடையே மலைமுகடு நிற்கின், பதுளை நகரை எட்டுதல் அரிது. 2,036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுல மலையில் மறுபரப்பியொன்று நிறுவப்படுவதாகக் கொள்வோம். அதன் வாங்கி ஒரு மீடிறனிற் பெறும் குரலை, செலுத்தி அக்கணமே வேறொரு மீடிறனில் மீளப் பரப்பும். இரண்டிற்குமிடையே 600 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி விடுதல் பெருவழக்கு. முகடு பிரித்த இரு பள்ளத்தாக்குகளும் உச்சியின் வழியே உரையாடும்.

ஆயின் உச்சியில் ஆளில்லை. குறுக்கீட்டினால் வாங்கி திறந்தபடியே நின்றுவிடின், செலுத்தி ஓயாது இயங்கி மின்கலவடுக்கை வற்றச் செய்யும். பிறர் பேசவும் வழியிராது. அடைமழையில் மலையேறிச் சென்றுதான் அதனை நிறுத்தவேண்டும் என்ற நிலையை மாற்றுவதே தொனிக் கட்டுப்பாட்டின் பயன்.

1963இல் அமெரிக்கத் தொலைபேசிச் சேவையில் அறிமுகமான இரட்டைத் தொனி முறையே இதற்குப் பரவலாகக் கையாளப்படுகின்றது. 697 முதல் 941 ஹேர்ட்ஸ் வரை நான்கு தாழ்தொனிகளும், 1209 முதல் 1633 ஹேர்ட்ஸ் வரை நான்கு உயர்தொனிகளும் உள்ளன. ஒவ்வொரு விசையும் ஒரு தாழ்தொனியையும் ஓர் உயர்தொனியையும் ஒருங்கே எழுப்பும். இவ்வாறு 16 குறிகள் பிறக்கின்றன. மனிதப் பேச்சு இத்தகைய இணையைத் தற்செயலாகத் தோற்றுவித்தல் அரிதாகலின் பிழைக்கு இடம் குறைவு. வாங்கியோடு இணைந்த சிறு மின்சுற்று அக்குறிகளை இனங்காணும். குறித்த வரிசையில் அவை வந்தால் மட்டுமே ரிலே இயங்கிச் செலுத்தியை நிறுத்தும், அல்லது மீளத் தொடக்கும். கட்டளை நிறைவேறியதை மோர்ஸ் குறியால் அறிவிக்கவும் செய்யலாம். மின்சாரம் அறுந்து மீளும்போதும் முன்னைய நிலையைக் காக்கும் ரிலே விரும்பத்தக்கது. கட்டளை சென்றடையாத வேளைக்கெனக் குறித்த சில நிமிடங்களில் செலுத்தியைத் தானாகவே நிறுத்தும் நேரங்காட்டியும் தனித்திருத்தல் வேண்டும்.

பொது மீடிறனில் அனுப்பும் தொனியை எவரும் கேட்கலாம், பதிந்து மீள ஒலிக்கலாம். ஆகவே கட்டளைக்கெனப் பிறிதோர் அலைப்பட்டையில் வாங்கியொன்றை வைத்து, குறிவரிசையைச் சிலர் மட்டும் அறியச் செய்வர். பாதுகாப்புக்கு இது தேவையே. எனினும் அச்சிலர் யாவர்?

ஒலிவழிக் கட்டளை பெருந்தோட்ட மக்களுக்குப் புதிதன்று. விடியலில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த தப்பும் அத்தகையதே, சி. வி. வேலுப்பிள்ளை தமது தேயிலைத் தோட்டக் கவிதையில் விடியலைத் தப்பொலியோடு பிணைத்தமை இங்கு கருதத்தக்கது. ஒலி எல்லோர் செவியிலும் விழுந்தது. கட்டளையோ துரையுடையதும் கங்காணியுடையதுமாகவே இருந்தது. அதே தப்பு காமன் கூத்தில் மக்களின் சொந்தக் குரலாயிற்று. கருவி மாறவில்லை, அதனை ஆள்வோர் மாறினர்.

2004 ஆழிப்பேரலையின்போது இலங்கை வானொலிச் சங்கத்தினர் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குத் தொடர்பேற்படுத்தியமை, வழமையான தொடர்பு அறுந்தவேளையில் இத்துறையின் பயனைக் காட்டிற்று. ஆனால் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீறியபெத்தையில் மண்சரிந்தபோது குறைபட்டது செய்தி மட்டுமன்று. முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அபாயச் சரிவிலேயே வாழநேர்ந்தது. எந்தத் தொனியும் லயத்தைப் பாதுகாப்பான நிலத்துக்குப் பெயர்த்து வைக்கமாட்டாது.

எனவே நாம் வலியுறுத்துவன இரண்டு. தோட்டத்து இளைஞரும் யுவதிகளும் பரீட்சையிற் சித்தியெய்தி, அனுமதிப்பத்திரம் பெற்று, மலையுச்சிக் கருவியின் குறிவரிசையை அறிந்தோருள் ஒரு பகுதியினராதல் வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் ஒலிக்க அது துணைபுரியும். எச்சரிக்கையைக் கேட்டபின் சென்று தங்குவதற்கு நிலமும் வீடும் வேண்டும் என்ற கோரிக்கை அதனோடு இணைந்தே எழுப்பப்படல் வேண்டும்.