கண்ணாடிச் சூளையில் மின்சக்திச் சிக்கனம்

(விஞ்ஞானம்: வெப்பமும் மின்சக்தியும் – பிரயோக விளக்கம்)



கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு என்பவற்றுக்கு வரைவிலக்கணம் எழுத உங்களில் அநேகருக்குத் தெரியும். ஆனால் அவை ஒரு கைத்தொழிலில் எவ்வாறு பயன்படுகின்றன என்று வினவினால் பலர் திகைத்து விடுகின்றனர். கட்டமைப்பு, கட்டுரை வினாக்களில் புள்ளிகள் பறிபோவது இங்கேதான். ஆகவே பாடநூலுக்கு வெளியே உள்ள ஓர் உதாரணத்தை எடுத்துக் கற்போம்.

1. சூளையில் நடைபெறுவது என்ன?

நிறக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, மின்சூளையில் சூடாக்கி, ஒன்றாக இணைத்துத் தட்டுகளும் அலங்காரப் பொருள்களும் செய்யப்படுகின்றன. துண்டுகள் முழுமையாக இணைவதற்கு ஏறத்தாழ 800 பாகை செல்சியசு தேவை. இணைந்த தகட்டை அச்சின் மேல் வைத்துக் கிண்ணமாக வளைப்பதற்கு 650 முதல் 680 பாகை வரை போதுமானது. கண்ணாடிக்குத் திட்டமான உருகுநிலை கிடையாது. அது படிப்படியாக இளகும். எனவே கணக்கில் மறைவெப்பத்தைச் சேர்க்க வேண்டியதில்லை.

2. மின்சக்தி எங்கே செல்கிறது?

வகுப்பில் இவ்வினாவைக் கேட்டால், "கண்ணாடியைச் சூடாக்க" என்றே பெரும்பாலானோர் விடை கூறுவர். கணக்கிட்டுப் பார்ப்போம்.

3 கிலோவாற்று வலுவுள்ள ஒரு சூளையின் வெப்பச் சுருள்கள் ஒரு தடவைச் சூடாக்கலில் மொத்தமாக 4 மணித்தியாலம் இயங்குகின்றன எனக் கொள்வோம்.

பயன்பட்ட மின்சக்தி = வலு × நேரம் = 3 × 4 = 12 கிலோவாற்று மணி (12 அலகுகள்)

உள்ளே வைத்த கண்ணாடியின் திணிவு 1.5 கிலோகிராம். அதன் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு, பாகை செல்சியசுக்கு 840 யூல். வெப்பநிலை 30 இலிருந்து 800 பாகைக்கு உயர்கிறது.

பெற்ற வெப்பம் = 1.5 × 840 × 770 = 970 200 யூல்

ஒரு கிலோவாற்று மணி 36 இலட்சம் யூல் ஆகும். எனவே கண்ணாடி பெற்றது ஏறத்தாழ 0.27 அலகு மாத்திரமே. செலவான 12 அலகுகளில் இது நூற்றுக்கு 2.25 பங்கு!

மீதி எங்கே? சூளையின் சுவர், மூடி, கண்ணாடியைத் தாங்கும் தட்டு ஆகியவற்றைச் சூடாக்கவும், வெளியே இழக்கப்படும் வெப்பத்தை ஈடுசெய்யவும் அது செலவாகிறது. தாங்கு தட்டு 5 கிலோகிராம், அதன் தன்வெப்பக் கொள்ளளவு 1000 எனக் கொண்டால், அத்தட்டு மட்டும் ஏறத்தாழ 1.07 அலகைப் பெறும். இது கண்ணாடி பெற்றதைப் போல் நான்கு மடங்கு.

3. சிக்கனத்துக்கான வழிகள்

(அ) சூளையை நிரப்பிய பின் சூடாக்குதல். மேற்கூறிய சூளையில் 3 கிலோகிராம் கண்ணாடியை வைத்தால் கண்ணாடிக்காக மேலதிகமாக வேண்டியது 0.27 அலகு அளவே. மொத்தம் சுமார் 12.27 அலகுகள். இரு தடவைகளாகச் சூடாக்கினால் 24 அலகுகள். வழிகளுள் இதுவே செலவற்றது, பயனும் கூடியது.

(ஆ) திணிவு குறைந்த காவலியும் தட்டும். நுண்துளையுள்ள இலேசான செங்கல்லில் வளி சிறைப்பட்டிருக்கும். வளி அரிதிற் கடத்தியாதலால் கடத்தல் குறையும். திணிவு குறைவாதலால் சுவர் உறிஞ்சும் வெப்பமும் குறையும்.

(இ) இடைவெளிகளை அடைத்தல். கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் சூடான வளி மேற்காவுகையால் வெளியேறும். பார்வைத் துளை திறந்திருந்தால் கதிர்ப்பால் வெப்பம் இழக்கப்படும். வெப்பநிலை உயர உயர இவ்விழப்பு மிக விரைவாகக் கூடும்.

(ஈ) தேவையான வெப்பநிலை மட்டும். 680 பாகையில் முடியும் வேலைக்கு 800 பாகை வேண்டாம். உச்ச வெப்பநிலையில் வீணாக வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பே.

4. சிக்கனம் செய்யக்கூடாத இடங்கள்

கண்ணாடி அரிதிற் கடத்தி. ஆரம்பத்தில் அதனை விரைவாகச் சூடாக்கினால் வெளிப்புறம் விரிவடைய, உட்புறம் விரியாது நிற்கும், கண்ணாடி வெடிக்கும். ஏறத்தாழ 550 பாகையைக் கடந்து இளகத் தொடங்கிய பின்னர் விரைவாகச் சூடாக்கலாம்.

குளிரும்போதும் அவ்வாறே. கண்ணாடியின் வகைக்கேற்ப 480 முதல் 550 பாகைக்குள் ஒரு வெப்பநிலையில் சிறிது நேரம் நிறுத்தி, பின் மெதுவாக ஆறவிட வேண்டும். இல்லாவிடில் உள்ளே தகைப்பு தங்கிவிடும். சில நாட்களின் பின்னர்கூடக் கிண்ணம் பிளக்கலாம். பிளந்த கிண்ணத்துக்குச் செலவான 12 அலகுகளும் வீணே. நன்கு காவலிடப்பட்ட சூளை தானாகவே மெதுவாக ஆறும். ஆகையால் இக்கட்டத்துக்கான மின்செலவு சிறிது.

5. மாணவர் விடும் தவறுகள்

• "வலு குறைந்த சூளை எப்போதும் சிக்கனமானது" என எழுதுதல். சக்தி என்பது வலு, நேரம் ஆகியவற்றின் பெருக்கம். வலு குறைந்தால் சூடாகும் நேரம் கூடும். அந்நேரம் முழுவதும் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

• "இரவு 10.30 இன் பின் சூடாக்கினால் அலகுகள் குறையும்" என எழுதுதல். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்சக் கேள்வி நேரத்தைத் தவிர்ப்பது மின் வழங்கலின் சுமையைக் குறைக்கும். நேரத்துக்கேற்ற கட்டணம் அறவிடப்படுமிடத்துப் பணமும் மீதமாகும். ஆனால் அலகுகளின் எண்ணிக்கை மாறாது. பணச் சிக்கனம் வேறு, சக்திச் சிக்கனம் வேறு.

6. பயிற்சி வினா

2 கிலோவாற்றுச் சூளையொன்றின் சுருள்கள் மொத்தமாக 3.5 மணித்தியாலம் இயங்கின. 1 கிலோகிராம் கண்ணாடி 30 இலிருந்து 680 பாகைக்குச் சூடாக்கப்பட்டது.

(i) பயன்பட்ட அலகுகள் எத்தனை?
(ii) கண்ணாடி பெற்ற வெப்பம் யாது?
(iii) இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு இரு காரணங்கள் தருக.

விடை: (i) 7 அலகுகள். (ii) 546 000 யூல், அதாவது ஏறத்தாழ 0.15 அலகு. (iii) உங்கள் சொந்த வசனத்தில் எழுதுங்கள்.

மூன்றாம் பகுதியை இந்தப் பக்கத்தைப் பாராது எழுத முடிந்தால் பாடம் விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். அடுத்து, வீட்டிலுள்ள மின் அழுத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டைக்காக அதைச் சூடாக்குவதிலும், வாரத்துக்குரிய உடைகளைச் சேர்த்து ஒரே தடவையில் அழுத்துவதிலும் உள்ள வேறுபாட்டை இதே முறையில் விளக்கிப் பாருங்கள்.