மெதுவாகப் போகச் சொல்லும் மீட்டர்

1972 அக்டோபரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ், ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் சைக்கிள் ஓட்டும் சாதனைக்காக மெக்சிகோ நகரம் வரை போனார். சொந்த ஊரில் சைக்கிள் தடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்திருக்கும். கிழித்துக்கொண்டு போவது சுலபம். 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 2015 ஜூனில் பிராட்லி விகின்ஸ் லண்டனில் அதே சாதனைக்கு இறங்கிய நாளில் நிலைமை நேரெதிர். காற்றழுத்தம் வழக்கத்தைவிட அதிகம். 54.526 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனையைப் பிடித்தார் என்றாலும், காற்று லேசாக இருந்திருந்தால் 55ஐத் தாண்டியிருப்பார் என்ற பேச்சு அன்றே எழுந்தது.

தூரமும் வேகமும் கால்களின் கணக்கை மட்டும் சொல்வதில்லை என்பதுதான் இதில் உள்ள சங்கதி. காற்றைத் தள்ளத் தேவையான திறன், வேகத்தின் மும்மடியாக ஏறும். மணிக்கு 30 கிலோமீட்டரை 33 ஆக்க வேண்டுமானால், காற்றுக்காகச் செலவிடும் உழைப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். இதயத் துடிப்பை வைத்துக் கணக்குப் போடலாமே என்றால், அது தாமதமாக எழுந்து தாமதமாக அடங்கும். வெயில், காபி, தூக்கமின்மை எல்லாம் அதை ஆட்டிவைக்கும்.

இந்த இடத்துக்குத்தான் பவர் மீட்டர் வந்தது. 1986இல் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிச் ஷோபரர் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனம் இதில் முன்னோடி. பெடலை மிதிக்கும்போது அதைத் தாங்கும் கிராங்கின் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை உணரிகள் அளக்கின்றன. அதோடு சுழலும் வேகத்தைப் பெருக்கினால் வாட் கணக்கு கிடைத்துவிடும். எதிர்காற்றோ மேடோ, 150 வாட் என்றால் 150 வாட்தான்.

பயிற்சி ஒரு சோதனையில் தொடங்குகிறது. இருபது நிமிடம் முழு மூச்சோடு மிதித்து, கிடைக்கும் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச அளவு இது. எஃப்.டி.பி. என்ற இந்த அளவுகோலை அமெரிக்க உடலியலாளர் ஆண்ட்ரூ காகன் பரவலாக்கினார். அவர் வகுத்த ஏழு மண்டலங்களில் தாக்குப்பிடிக்கும் ஆற்றலை வளர்ப்பது இரண்டாவது, எஃப்.டி.பி.யில் 56 முதல் 75 சதவீதம். 200 வாட் எஃப்.டி.பி. உள்ளவருக்கு 112 முதல் 150 வரை. பக்கத்தில் வருபவரோடு கதை பேசிக்கொண்டே மிதிக்கலாம்.

கேட்க எளிது, கடைப்பிடிப்பது கடினம். சின்ன மேடு வந்தாலே கால் அழுத்திவிடும்; 150 என்ற எண் 230 ஆகும். இன்னொருவர் முந்தினால் கேட்கவே வேண்டாம். தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும், உடல் கொழுப்பை எரிபொருளாக்கிப் பழகுவதும் மணிக்கணக்கான நிதானமான மிதியில் நடப்பவை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் கருவி பெரும்பாலும் செய்யும் வேலை, ஆளைப் பிடித்து நிறுத்துவதுதான்.

பயன் தெரிகிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. ஒரே வாட்டில் மூன்று மணி நேரம் ஓட்டி, முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒப்பிட வேண்டும். வாட்டுக்கும் இதயத் துடிப்புக்கும் உள்ள விகிதம் ஐந்து சதவீதத்துக்குள் மாறினால் அடித்தளம் உறுதி என்கிறார் பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல். 150 வாட்டில் மூன்று மணி நேரம் என்பது 1,620 கிலோ ஜூல் வேலை. உடல் கால்வாசி ஆற்றலைத்தான் மிதியாக மாற்றுகிறது என்பதால், எரிவதும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் கிலோ கலோரி. கிட்டத்தட்ட முப்பது இட்லி!

மீட்டரும் ஏமாற்றும். 2015 டூர் டி பிரான்ஸில் லா பியர் சான் மார்தான் மலையில் கிறிஸ் ஃப்ரூம் எல்லோரையும் உதறிவிட்டு ஏறியதும் ஊக்கமருந்து சந்தேகம் கிளம்பியது. கிலோவுக்கு 7 வாட்டுக்கு மேல் என்று ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சி கணக்குச் சொன்னது. அவருடைய டீம் ஸ்கை அணி மீட்டர் பதிவை வெளியிட்டது: சுமார் 41 நிமிடம், சராசரி 414 வாட். அவருடைய முட்டை வடிவப் பல்சக்கரத்தால் மீட்டர் ஆறு சதவீதம் கூட்டிக் காட்டுகிறது என்று கழித்து, கிலோவுக்கு 5.78 வாட் என்றது. வாதம் அத்தோடு ஓயவில்லை.

பயிற்சியில் வரமான இந்தக் கடிவாளம் பந்தயத்தில் சாபம் என்பவர்களும் உண்டு. எல்லோரும் எண்ணைப் பார்த்து மிதித்தால் திடீர்த் தாக்குதலுக்கு யார் துணிவார்கள் என்பது அவர்கள் வாதம். கொலம்பியாவின் நைரோ கின்டானாவும் ஸ்பெயினின் அல்பெர்டோ கொன்டடோரும் பந்தயங்களில் மீட்டரைத் தடை செய்யக் கேட்டார்கள். டூர் டி பிரான்ஸ் இயக்குநர் கிறிஸ்டியன் புருதோமும் அதே பக்கம் நின்றார். ஆனால் தடை வரவில்லை. வீரர்களின் கைப்பிடியில் எண்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.