தொப்பியில் எழுதாத எழுத்து

பூகோள வகுப்பில் மிஸிஸிபி நதியைத் தேசப்படத்தில் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஸார், அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் கோஷ்டிகள் நியூயார்க், பாஸ்டன், சிக்காகோ என்று ஊரின் பெயரையே வைத்துக்கொள்கின்றன. மின்னஸோட்டா என்பது மாகாணம் அல்லவா? அதை ஏன் ஒரு கோஷ்டிக்கு வைத்தார்கள்?" என்று கேட்டான். பாடத்தை விட்டு விலகிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை என் பிரம்பின் நுனியிலேயே இருந்தது.

மின்னஸோட்டாவில் மிஸிஸிபிக் கரையில் ஒட்டினாற்போல் இரண்டு நகரங்கள் உள்ளன. ஒன்று மாவு ஆலைகளால் செழித்த மின்னியாபொலிஸ். மற்றது தலைநகரமான ஸெயின்ட் பால். அடுத்தடுத்த வீட்டுப் பங்காளிகளைப் போல் இவை ஒன்றையொன்று பார்த்துப் பொருமிய கதை வெகு ரஸமானது. 1890-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் எந்த ஊர் பெரியது என்று காட்டப் பொய்ப் பெயர்களை எழுதிக் குவித்தார்கள். மின்னியாபொலிஸில் கணக்கெடுப்போர் கைது செய்யப்பட்டனர். மறுபடி எண்ணிப் பார்த்ததில் அவ்வூர்க் கணக்கில் 18,000-க்கு மேலும், குற்றஞ்சாட்டிய ஸெயின்ட் பாலின் கணக்கில் 9,000-க்கு மேலும் இல்லாத மனிதர்கள் இருந்தார்கள்! ஸெயின்ட் பால் ரயில் நிலையத்தில் மட்டும் 275 பேர் குடியிருப்பதாகப் பதிவாகியிருந்ததாம்.

விளையாட்டிலும் இதே மனஸ்தாபந்தான். இரண்டு ஊர்களுக்கும் தனித்தனியே சிறு கோஷ்டிகள் இருந்தன. விடுமுறை நாட்களில் காலையில் ஓர் ஊரிலும் பிற்பகலில் மற்ற ஊரிலுமாக இவை மோதும். பெரிய கோஷ்டி ஒன்றை வரவழைக்கும் ஆசையில் 1956-ல் மின்னியாபொலிஸுக்கு அருகே ஒரு மைதானம் எழும்பியது; மறு வருஷமே ஸெயின்ட் பாலும் தனக்கென்று ஒன்று கட்டிக்கொண்டது.

வாஷிங்டனில் ஆடிவந்த கோஷ்டியை அதன் சொந்தக்காரர் கால்வின் கிரிஃபித் 1961-ல் இங்கே கொண்டுவந்தார். சிக்கல் அவருக்குத் தெரியாமலில்லை. ஓர் ஊரின் பெயரை வைத்தால் அடுத்த ஊரார் டிக்கெட் வாங்குவார்களா? 'இரட்டை நகரங்கள்' என்றே வைக்க நினைத்து, கடைசியில் 'மின்னஸோட்டா ட்வின்ஸ்' என்று முடிவாயிற்று. பெரிய பேஸ்பால் கோஷ்டிகளில் மாகாணப் பெயர் தாங்கியது இதுவே முதலாவது. முத்திரையில் இரண்டு ஆட்டக்காரர்கள் நதிக்குக் குறுக்கே கைகுலுக்கினார்கள். தொப்பியிலோ 'எம்' என்று போடவில்லை. அதை மின்னியாபொலிஸின் முதலெழுத்து என்று எண்ணி எதிர்க்கரை முகம் சுளிக்கும் அல்லவா? இரட்டை நகரங்களைக் குறிக்கும் 'டி.ஸி.' என்ற எழுத்துக்களே இடம் பெற்றன.

பிறகு வந்த சிலரும் இவ்வழியைப் பின்பற்றினர். டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவிலுள்ள ஆர்லிங்டனில் 1972-ல் குடியேறிய கோஷ்டி 'டெக்ஸாஸ்' ஆயிற்று. ஸான் ஃபிரான்ஸிஸ்கோவிலிருந்து ஓக்லண்டுக்குப் போன கூடைப்பந்துக் கோஷ்டி, 1971-ல் கலிபோர்னியாவின் பட்டப்பெயரான 'கோல்டன் ஸ்டேட்'டைச் சூடிக்கொண்டது. 2019-ல் பழைய ஊருக்கே திரும்பிய பின்னும் அதை விடவில்லை.

பெயரைப் பணம் தீர்மானிப்பதும் உண்டு. ஃபிளாரிடா மாகாணத்தின் பெயரோடு 1993-ல் ஆடத் தொடங்கிய கோஷ்டிக்குப் பொதுப் பணத்தில் பெரும்பங்கு போட்டுப் புது மைதானம் கட்டித் தந்தபோது, பெயர் 'மியாமி' என்று மாற வேண்டுமென்று உடன்படிக்கை ஏற்பட்டது. 2012-ல் அப்படியே மாறியது. வரி கொடுத்தவன் தன் ஊர்ப் பெயரைக் கேட்பதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மின்னஸோட்டாவின் தொப்பியில் 'எம்' எழுத்து ஏறியது 1987-ல்தான். இருபத்தாறு வருஷம் தயங்கியிருக்கிறார்கள்! அவ்வருஷமே உலகப் பந்தயத்தில் வெற்றியும் கிட்டியது. இருந்தும், சில வருஷங்கள் கழித்துப் பழைய 'டி.ஸி.'யே தொப்பிக்குத் திரும்பி வந்துவிட்டது.