புதுச்சேரிக்குக் குடும்பத்தோடு போகலாமா?

"புதுச்சேரிக்கா? குடும்பத்தோடவா?" இப்படிக் கேட்காத மாமியார், நாத்தனார் உண்டா, சொல்லுங்கள்! மதுக்கடைகளால் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த பெயர் அப்படி. அந்தப் பெயருக்குப் பயந்து, சின்னக் குழந்தைகளை அங்கே அழைத்துப் போகத் தயங்கும் தாய்மார்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் கணவர், மாமியார், ஏழு வயதுப் பெண், மூன்று வயதுப் பிள்ளை, நான் என்று ஐந்து பேர் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம்.

முதலில் ஒன்று. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். சென்னை, பெங்களூர்க் கூட்டமெல்லாம் அன்றைக்குத்தான் வந்து குவிகிறது. பெயரைக் கெடுப்பதும் அந்தக் கூட்டம்தான். செவ்வாய், புதன் என்று போய்ப் பாருங்கள், ஊர் நமக்கே சொந்தம் மாதிரி இருக்கும்.

1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே காலூன்றினார்கள். நடுவில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பிடித்துக் கொண்ட காலம் போக, 1954 நவம்பர் 1-ம் தேதி வரை அவர்கள் ஆட்சிதான். அதனால் ஊரெல்லாம் பிரெஞ்சு பேசுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மார்க்கெட்டில் காதில் விழுவது நம் தமிழ்தான். ஆனால் வீதிப் பெயர்ப் பலகையில் பிரெஞ்சும் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கே வாழ்கின்றன.

ஊர் நூல் பிடித்தாற்போல நேர் நேரான வீதிகள். நடுவே ஒரு வாய்க்கால். அதற்குக் கிழக்கே, கடல் பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி. மஞ்சள் சுவர், உயரமான கதவு, சுவருக்கு மேல் காகிதப்பூ. எல்லோரும் அங்கேயே படம் பிடித்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். எனக்கு வாய்க்காலுக்கு மேற்கேதான் மனசு நின்றது. திண்ணை, தெருவைப் பார்த்த தாழ்வாரம், மரத்தூண், உள்ளே முற்றம். வைசியாள் வீதியில் பழைய வீட்டு முகப்புகளைப் பழுது பார்த்து, 2008-ல் யுனெஸ்கோ விருதும் வாங்கியிருக்கிறார்கள். மற்ற வீதிகளில் எத்தனையோ பழைய வீடுகள் இடிந்தும் இடிக்கப்பட்டும் போய்விட்டன. கடற்கரையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமே 2014 மழையில் சரிந்து விழ, அதே அமைப்பில் திரும்பக் கட்டினார்கள்.

குழந்தைகளுக்குப் பிடித்தது கடற்கரைச் சாலை. சாயங்காலம் ஆனதும் அங்கே வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் தாண்டியும் பிள்ளைகள் கையை உதறிவிட்டு ஓடலாம். "இங்கேயே வீடு பாத்துக்கலாம்பா" என்றாள் என் பெண். ஒரே எச்சரிக்கை: கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள் பாசி பிடித்து வழுக்கும். அதில் இறங்க விடாதீர்கள்.

பாரதி பூங்காவின் நடுவே வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபத்தின் கதையைக் கேட்டுத்தான் என் மாமியார் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் பெரிய மனிதர் ஒருவர், தீப ஒளியில் ஜொலித்த மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்க உத்தரவு போட்டாராம். 'நானே இடித்து விடுகிறேன்' என்று கேட்டுக்கொண்ட ஆயி, அந்த இடத்தில் ஊர் ஜனங்களுக்காக ஒரு குளம் வெட்டினாள் என்கிறார்கள். பின்னாளில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டு வந்தபோது, அதன் நினைவாக எழுந்தது இந்த மண்டபம். புதுச்சேரி அரசின் முத்திரையிலும் இதுதான். "தண்ணி குடுத்தவளை ஊர் மறக்கலை பாரு" என்றார் மாமியார்.

திருவிழா பார்த்துப் போகிறவர்களுக்கு: மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி. மயிலம் முருகன் முதல் சுற்றுப்பக்கத்துச் சுவாமிகளெல்லாம் வந்து வரிசையாக நிற்பார்கள். ஜூலை 14 பிரெஞ்சுத் தேசிய தினம். முதல் நாள் இரவு விளக்கு ஊர்வலம், மறுநாள் கடற்கரைப் போர் நினைவிடத்தில் மலர் அஞ்சலி. அது முடிந்த கையோடு ஆடி பிறக்கும். ஆடி ஐந்தாம் வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த வழக்கம் விட்டுப்போகாமல், இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஓட்டல் பிரெஞ்சுச் சாப்பாடு கை கடிக்கிறது, குழந்தைகளும் தொடவில்லை. அதற்குப் பதில் பேக்கரியில் காலையில் சுடச்சுட நீள ரொட்டி வாங்கி, வெண்ணெய் தடவிக் கொடுத்தால் பசி தீர்ந்தது. நிஜமான ருசி நாங்கள் தங்கிய வீட்டு அம்மாளின் சமையலறையில் இருந்தது. "எங்க மாமனார் சொல்தா" என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வந்த அன்றே ரவையில் செய்த கிறிஸ்துமஸ் கேக் எடுத்து வைத்தார். "திராட்சையை ரம்முல ஊறப் போடுவோம்" என்றதும் மாமியாரின் கை பாதி வழியில் நின்றுவிட்டது! குழந்தைகளுக்கு என்று பழச்சாற்றில் ஊறப் போட்டும் செய்கிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் மீன் குழம்பு. காரம் குறைச்சல், மணம் தூக்கல். மாமியார் கண்டுபிடித்துவிட்டார்: "ஏம்மா, இது நம்ம வெங்காய வடகம்தானே?" அதேதான். இதுதான் கப்பலேறிப் போய் 'வாதுவான்' என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையலில் இடம் பிடித்திருக்கிறது. அங்கே அது உதிரி மசாலாவாக டப்பாவில் விற்கிறது. "என் பையன் பாரீஸ்ல அதை வாங்கிப் பாத்துட்டு, நீ செஞ்சு அனுப்பும்மான்னுட்டான். வருஷா வருஷம் அனுப்பறேன். என் மருமகளுக்கு மாடியும் இல்லை, வெயிலும் இல்லை" என்று சிரித்தார். அந்தப் பெரிய வீட்டில் இப்போது அவரும் வேலைக்காரப் பெண்ணும்தான்.

அவர் சொன்ன பக்குவம் இது. சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு கால் கிலோ, இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, உளுத்தம்பருப்பு 100 கிராம், கடுகு 50 கிராம், சீரகம் 50 கிராம், ஒரு மேஜைக்கரண்டி வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் வைத்து, மாலையில் உதிர்த்து அந்தச் சாற்றிலேயே திரும்பப் போட வேண்டும். சாறு முழுக்க வற்றும் வரை தினமும் இப்படி. பிறகு விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, உள்வரை நன்றாகக் காயவிட்டு ஜாடியில் போட்டால் ஒரு வருஷம் கெடாது. ஈரக்கை மட்டும் படக் கூடாது. பங்குனி, சித்திரை வெயில்தான் இதற்குச் சரி.