செய்தி சுமந்து வந்த தங்கை

“தம்பி உடையான் படைக்கு அஞ்சான்” என்பது பழமொழி. தங்கை உடையவளைப் பற்றி அப்பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. அக்குறையைத் தீர்ப்பதுபோல் ஜப்பானியரின் அனிமே எனப்படும் சித்திரப் படங்களில் ஒரு தங்கை இருக்கிறாள். அவள் பெயர் சாஷா. ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாத்தோ’ என்னும் தொடரில் அவள் வருகிறாள். 26 பகுதிகள் கொண்ட இத்தொடர் 1974 அக்டோபர் முதல் 1975 மார்ச் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. இதன் இயக்குநர் புகழ்பெற்ற ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோ.

கதை 2199ஆம் ஆண்டில் தொடங்குகிறது. காமிலாஸ் என்னும் கோளினர் எறியும் குண்டுகளால் பூமியில் கதிர்வீச்சு பரவுகிறது. கடல்கள் வற்றிவிட, மக்கள் நிலத்தடி நகரங்களில் ஒடுங்குகின்றனர். மனித இனத்துக்கு எஞ்சியிருப்பது ஒரே ஆண்டு! 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் பட்ட துன்பத்தை அறிந்த நமக்கு இக்காட்சி வெறும் கற்பனையாகத் தோன்றுவதில்லை.

அவ்வேளையில் அயல் விண்கலம் ஒன்று செவ்வாய்க் கோளில் விழுகிறது. கோடாய், ஷிமா என்னும் இரு இளைஞர்கள் ஓடிச் சென்று பார்க்கின்றனர். அழகிய இளம்பெண் ஒருத்தி உயிரற்றுக் கிடக்கிறாள். அவள் கொண்டுவந்த செய்திக் குப்பி மட்டும் பழுதின்றி இருக்கிறது. அவளே சாஷா, இஸ்காண்டர் கோளின் அரசி ஸ்டார்ஷாவின் தங்கை.

அச்செய்தியில் இருந்தவை இரண்டு. ஒன்று, கதிர்வீச்சை நீக்கும் கருவியைத் தருவதாக அக்காள் விடுத்த அழைப்பு. மற்றொன்று, அங்கே வந்து சேர்வதற்கு வேண்டிய இயந்திரத்தின் வரைபடம். இஸ்காண்டர் இருப்பதோ பெரிய மெகல்லன் மேகத்தில், 1,48,000 ஒளியாண்டுத் தொலைவில்! ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும். அதற்கே அங்கே போய்ச் சேர 1,48,000 ஆண்டுகள் வேண்டும். அத்தனை தொலைவையும் அப்பெண் கடந்து வந்து, வாசற்படியில் விழுந்துவிட்டாள்.

ஸ்டார்ஷாவின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இஸ்காண்டரில் அவளைத் தவிர வேறு எவரும் உயிரோடு இல்லை. முன்பின் அறியாத ஓர் உலகத்தைக் காப்பாற்றத் தன் ஒரே துணையை அனுப்பிவிட்டுத் தனிமையை ஏற்றுக்கொண்டாள். எனவே இத்தியாகம் தங்கையுடையது மட்டுமன்று, அக்காளுடையதும் ஆகும்.

தொடரில் சாஷா வாய்திறந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. செய்தி உரியவர் கைக்குச் சேர்ந்ததா என்றும் அவள் அறியாள். பெண்கள் மட்டும் இப்படி மௌனமாக மடிய வேண்டுமா என்று நமக்குச் சற்றுக் கோபம் வருவது நியாயமே. ஆயினும் அவள் இறந்ததால் பூமி பிழைக்கவில்லை. அவள் கொண்டுவந்ததை மற்றவர்கள் வீணாக்காததால் பிழைத்தது. 1945 ஏப்ரல் 7 அன்று கடலில் மூழ்கிய யமாத்தோ போர்க்கப்பலே விண்கலமாக மாற்றப்படுகிறது. அதில் 114 பேர் புறப்பட்டுப் பல இன்னல்களுக்குப்பின் கருவியோடு திரும்புகின்றனர். தியாகம் செய்பவர் தொடங்கிவைப்பதைப் பெற்றுக்கொள்பவரே நிறைவேற்ற வேண்டும் என்பதை இதனால் உணர்கிறோம்.

1980இல் வெளிவந்த இதன் தொடர்ச்சிப் படத்தில் ஸ்டார்ஷாவின் மகளுக்கும் சாஷா என்றே பெயர். அவளும் பூமிக்காக உயிர் துறக்கிறாள்.

நம்மில் பலர் தங்கைகளே. “இதைக் கொண்டுபோய்க் கொடு” என்று அக்காள் ஏவினால் முகம் சுளிக்கிறோம். நம் கையில் தரப்படுவது சிறு காகிதமாகவே இருக்கலாம். அதற்காக யாரேனும் காத்திருப்பார்கள் என்பதை மறவாதிருப்போம். அக்காள்மாரும் ஒன்றை நினைவிற்கொள்ளட்டும்: ஏவிய தங்கை திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்திருப்பது அவர்களுடைய கடமை!